கொச்சியின் முதல் பள்ளி எது? மட்டாஞ்சேரியை முன்வைத்து ஒரு மறுபார்வை

கொச்சியில் முதல் பள்ளிக்கூடத்தை யார், எப்போது, எங்கே தொடங்கினார்கள்? கேள்வி சின்னது. பதில்கள் மட்டும் நீண்ட காலமாக ஒத்துவராமல் நிற்கின்றன. 1818இல் மட்டாஞ்சேரியில் டாசன் என்ற பாதிரியார் திறந்த ஆங்கிலப் பள்ளிதான் முதல் பள்ளி என்பது ஒரு கட்சி. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே போர்த்துகீசியர் தங்கள் கோட்டைக்குள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இன்னொரு கட்சி. ஆசான் வீட்டுத் திண்ணையில் மணலில் விரல் வைத்து எழுதப் பழகியதும், மசூதி விளக்கடியில் ஓதியதும் பள்ளி இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. எர்ணாகுளத்தில் 1845இல் அரசு தொடங்கிய பள்ளிதான் அறுபடாமல் இன்றுவரை வளர்ந்தது, ஆகவே உண்மையான தொடக்கம் அதுவே என்பார் வேறு சிலர்.

இந்த விவாதம் ஊர்ப்பெருமை சார்ந்தது மட்டுமல்ல. எதைப் பள்ளி என்று கொள்கிறோம், யார் படித்ததைப் படிப்பு என்று எண்ணுகிறோம் என்பதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. நமக்குக் கிடைக்கும் ‘முதல்’களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றுக்குள் ஒரு பொதுத்தன்மை தென்படும். தொலைவில் இருந்த ஒருவருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தவர்கள் நடத்திய பள்ளிகளே வரலாற்றில் நிலைத்திருக்கின்றன. லிஸ்பன் அரசருக்கோ, லண்டன் மிஷன் சங்கத்துக்கோ, சென்னை ஆளுநருக்கோ அறிக்கை எழுதியவர்களின் பள்ளிகள் அவை. யாருக்கும் அறிக்கை எழுத வேண்டியிராத ஆசான்களின் பள்ளிகள் ஊர் நினைவில் கரைந்துபோயின. ஒவ்வொரு தரப்பையும் எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

எந்தக் கொச்சி?

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவிலிருந்து ஃபோர்ட் கொச்சிக் கடற்கரைக்கு இன்று நடந்தே போய்விடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படி நடந்தவர் ஓர் அரசிலிருந்து இன்னோர் அரசுக்குள் நுழைந்தார். கோட்டைப் பகுதி 1663 வரை போர்த்துகீசியரிடமும், பிறகு டச்சுக்காரரிடமும் இருந்தது. 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது, 1814ஆம் ஆண்டு உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. அதன்பின் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து ‘பிரிட்டிஷ் கொச்சி’ ஆயிற்று. மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவின் மண். போர்த்துகீசியர் 1555 வாக்கில் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர் புதுப்பித்ததால் ‘டச்சு அரண்மனை’ என்று பெயர்பெற்ற மாளிகை அங்கேதான் இருக்கிறது.

ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகியவை ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1967இல்தான். ‘கொச்சியின் முதல் பள்ளி’ என்று இன்று சொல்லும்போது 1967க்குப் பிந்தைய எல்லையை வைத்து அதற்கு முந்தைய காலத்தை அளக்கிறோம். கொச்சி சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதியவர்கள் இயல்பாகவே பிரிட்டிஷ் கொச்சியைத் தவிர்த்தார்கள். கத்தோலிக்க மிஷன் வரலாற்றாசிரியர்கள் கோட்டைக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். முரண்பாட்டில் ஒரு பகுதி, இரு தரப்பாரும் வேறு வேறு ஊர்களைப் பற்றிப் பேசியதால் வந்தது.

1818: மட்டாஞ்சேரி ஆங்கிலப் பள்ளி

அதிகம் சொல்லப்படும் பதில் இதுதான். 1818இல் டாசன் என்ற புராட்டஸ்டண்ட் மிஷனரி, கொச்சி அரசின் உதவியோடு மட்டாஞ்சேரியில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் திறந்தார். சமஸ்தானத்தில் ஆங்கிலக் கல்வியின் தொடக்கமாக இதைக் காட்டும் வழக்கம் சி. அச்சுத மேனோன் எழுதி 1911இல் வெளிவந்த ‘கொச்சி ஸ்டேட் மேனுவல்’ வழியாக வேரூன்றியது. பின்வந்த கையேடுகளும் பாடநூல்களும் பெரும்பாலும் அதையே எடுத்தாண்டன.

ஆண்டு தற்செயலானது அல்ல. திருவிதாங்கூர், கொச்சி இரண்டுக்கும் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோ கொச்சியின் திவான் பொறுப்பையும் சேர்த்து வகித்தவர். நீதிமன்றம், கணக்கு, ஆவணம் எல்லாவற்றையும் புதிய முறையில் ஒழுங்குபடுத்தியவரும் அவரே. அந்த முறைக்கு எழுதவும் கணக்குப் பார்க்கவும் ஆள் வேண்டும். அவருடைய ஆதரவில் சர்ச் மிஷன் சங்கத்தார் 1816 முதல் கேரளத்துக்கு வந்தனர், கோட்டயத்தில் கல்லூரி எழுந்தது. 1817இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டே கொச்சியில் பள்ளிகள் வந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

அதே 1818இல் கொச்சி அரசு வேறொரு முயற்சியையும் எடுத்தது, அது இந்த விவாதத்தில் அடிக்கடி மறந்துபோகிறது. மன்றோவுக்குப் பின் திவானான நஞ்சப்பய்யாவின் காலத்தில், ‘பிரவர்த்தி’ என்று சொல்லப்பட்ட வருவாய்ப் பிரிவுகளில் 33 மலையாளப் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆசானுக்குக் கொடுத்த சம்பளம் சொற்பம், மேற்பார்வையும் குறைவு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அவை கைவிடப்பட்டன. பாதிரியாரின் ஆங்கிலப் பள்ளிக்குக் கிடைத்த பெயர் அரசின் இந்த 33 தாய்மொழிப் பள்ளிகளுக்குக் கிடைக்கவில்லை. பரப்பாலும் நோக்கத்தாலும் பார்த்தால் அவைதான் பெரிய முயற்சி. ஊர்தோறும் பொதுப்பணத்தில் பள்ளி என்ற எண்ணம் கொச்சியில் முதலில் வடிவெடுத்தது அங்கேதான். தோற்றுப்போன முயற்சி என்பதாலேயே அதை அடிக்குறிப்புக்குத் தள்ளுவது நியாயமாகப் படவில்லை.

ஆங்கிலப் பள்ளிக்கு மட்டாஞ்சேரி பொருத்தமான இடமாக இருந்ததற்குக் காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. அரண்மனை அங்கே, மிளகும் இஞ்சியும் கைமாறும் கடைத்தெரு அங்கே. யூதர், கொங்கணியர், குஜராத்திகள், கச்சி முஸ்லிம்கள், தமிழ் வணிகர் எனப் பல மொழிக்காரர் ஒருவரோடொருவர் வியாபாரம் பேசும் ஊர் அது. புதிய ஆட்சியோடு கடிதம் எழுதப் பொதுவான ஒரு மொழி அவர்களுக்கும் பயன்பட்டிருக்கும். அரசின் தேவையும் வியாபாரியின் தேவையும் மிஷனரியின் நோக்கமும் ஒரு தெருவில் சந்தித்தன என்று எச்சரிக்கையோடு சொல்லலாம்.

இந்தத் தரப்பின் பலவீனம் அதை எடுத்துச் சொல்லும் முறையில் இருக்கிறது. ‘சமஸ்தானத்தின் முதல் ஆங்கிலப் பள்ளி’ என்பது காலப்போக்கில் ‘கொச்சியின் முதல் பள்ளி’ என்று சுருங்கிவிட்டது. ‘சமஸ்தானம்’, ‘ஆங்கிலம்’ என்ற இரண்டு வரையறைகளும் கழன்று விழுந்தபோது, முன்னால் இருந்த அத்தனை கற்பித்தலும் இல்லாமல் ஆகிவிட்டது. மூலக் கூற்றில் குறை காண்பதற்கு அதிகம் இல்லை. சுருக்கிச் சொன்னவர்களின் கூற்றை ஏற்க முடியாது.

கோட்டைக்குள் ஓர் அரிச்சுவடிப் பெட்டி

போர்த்துகீசியத் தரப்பின் ஆதாரம் ஆளுநர் அஃபோன்சு டி அல்புகெர்க்கி 1512இல் அரசர் மனுவேலுக்கு எழுதிய கடிதம். கொச்சியில் பிள்ளைகளுக்கான அரிச்சுவடிகள் நிறைந்த பெட்டி ஒன்றைக் கண்டதாகவும், அவை பெட்டியிலேயே கிடந்து வீணாக வேண்டாமென்று எழுதப் படிக்கக் கற்பிக்க ஏற்பாடு செய்ததாகவும் அவர் தெரிவிக்கிறார். படித்தவர்கள் ஏறக்குறைய நூறு சிறுவர்கள். அவர்களில் பணிக்கர் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் கூர்மையானவர்கள், விரைவில் கற்றுக்கொள்கிறார்கள் என்பதும் கடிதத்தின் சாரம்.

மாணவர் தொகை, பாடநூல், ஆசிரியர், அதிகாரத்தின் ஆதரவு எல்லாம் இதில் தெளிவாக இருக்கின்றன. அச்சிட்ட நூலைக் கொண்டு இந்தியாவில் நடந்த மிகப் பழைய பள்ளிகளில் ஒன்றாக இதைக் கருத இடமுண்டு. இதைத் தொடர்ந்து இயேசு சபையார் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொச்சியில் ‘மாத்ரே தே தேவுஸ்’ என்ற கல்லூரியை ஏற்படுத்தினர்.

தமிழ் வாசகர்களுக்கு அந்தக் கல்லூரி அந்நியமானதல்ல. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான மறு ஆண்டே, 1579 நவம்பர் 14ஆம் தேதியிட்டு, இயேசு சபைப் பாதிரியார் அண்டிரிக் அடிகளாரின் ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியின் அந்தக் கல்லூரியிலிருந்து தமிழில் வெளிவந்தது. போர்த்துகீசிய மொழியில் மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய ஞானோபதேச நூலின் தமிழாக்கம் அது. கேள்வி கேட்டு விடை சொல்லும் வடிவத்தில், மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கென்றே ஆனது. இயேசு சபை ஆய்வாளர் ச. இராசமாணிக்கம் 1963இல் தூத்துக்குடியிலிருந்து அதன் நிழற்படப் பதிப்பைக் கொண்டுவந்தபோதுதான் தமிழ்நாட்டில் பலருக்கு அது கண்ணில் பட்டது. முத்துக்குளித்துறைப் பரதவர் குழந்தைகள் ஒப்பித்த பாடம் கொச்சிக் கல்லூரியின் அச்சகத்தில் பிறந்தது. கொச்சியின் கல்வி வரலாற்றில் தமிழ் அச்சுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதை மலையாள வரலாற்று நூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

இத்தனை இருந்தும் இந்தத் தரப்பை முழுதும் ஏற்பதில் சிக்கல்கள் உண்டு. முதலாவது தொடர்ச்சி. 1663இல் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் கத்தோலிக்கச் சபையார்களை வெளியேற்றி, அவர்களுடைய கட்டடங்களில் பெரும்பாலானவற்றை அழித்தார்கள். எஞ்சியிருந்த பழைய பேராலயத்தையும் கோட்டையையும் 1806இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். 1512இன் பள்ளிக்கும் இன்று ஃபோர்ட் கொச்சியில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் நேரடியாகக் கோடு இழுக்க முடியாது.

இரண்டாவது நோக்கம். பெரும்பாலும் மதம் மாறியவர்களின் பிள்ளைகளுக்காகவும், போர்த்துகீசியருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காகவும் நடந்த கல்வி அது. இதனாலேயே அதைப் பள்ளி அல்ல என்று ஒதுக்குவோர் உண்டு. அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் 1818இன் மிஷன் பள்ளியையும் அதே தராசில் நிறுத்த வேண்டியிருக்கும். இந்த முரணை மிஷன் எதிர்ப்பாளர்களும் மிஷன் ஆதரவாளர்களும் ஒருபோல் தவிர்த்துவிடுகிறார்கள்.

மணல், ஓலை, ஓத்து

வெளிநாட்டார் வருவதற்கு முன்பே இங்கே கல்வி இருந்தது என்பது மூன்றாவது தரப்பு. பொதுவாகச் சொன்னால் இதை மறுப்பார் யாரும் இல்லை. மட்டாஞ்சேரியில் எந்த வடிவில், யாருக்கு என்று கேட்கும்போதுதான் விவாதம் எழுகிறது.

கேரளத்தில் எழுத்துப்பள்ளி என்பது ஊர் ஆசானின் வீட்டிலோ பணக்காரர் ஒருவரின் திண்ணையிலோ நடப்பது. மணலில் எழுதிப் பழகி, பிறகு நாராயம் பிடித்து ஓலைக்குப் போவார்கள். கணக்கு, கொஞ்சம் வடமொழி, சில இடங்களில் சோதிடமும் வைத்தியமும் உண்டு. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை, சட்டாம்பிள்ளை உட்பட. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த வழக்கத்தைச் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியில் ஆண்ட்ரூ பெல் 1790களில் கையாண்டு, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அங்கே பரவிய அந்தக் கற்பித்தல், பிறகு மிஷன் பள்ளிகள் வழியாக இந்தியாவுக்கே திரும்பி வந்தது. ஆசானின் பள்ளி பழையது, மிஷனரியின் பள்ளி நவீனம் என்று கோடு கிழிப்பவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கொச்சியில் எழுத்தறிவு எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு மறைமுகமான, ஆனால் வலுவான சான்று ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. டச்சு ஆளுநர் வான் ரீடே கொச்சியிலிருந்து தொகுத்த இந்தத் தாவர நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் கோலெழுத்து என்ற பழைய மலையாள எழுத்துமுறையில் எழுதிய சான்றுரையும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய கொங்கணி வைத்தியர்கள் நாகரியில் எழுதிய சான்றுரையும் முதல் தொகுதியிலேயே இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் ஈழவக் குடும்பம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாக ஓலைச்சுவடி வழி அறிவு கைமாறியது, அகதிகளாகக் கோவாவிலிருந்து வந்து கொச்சியில் நிலைகொண்ட கொங்கணியர் தங்கள் கல்வி மரபை இழக்கவில்லை என்ற இரண்டும் இதனால் உறுதிப்படுகின்றன. இவர்களெல்லாம் எங்கோ, யாரிடமோ எழுதப் படித்திருக்கத்தான் வேண்டும்.

முஸ்லிம்களின் கல்வி மரபுக்கும் மட்டாஞ்சேரியில் ஆழமான வேர் உண்டு. மஃபர் என்று அரபு வணிகர் அழைத்த தமிழகக் கடற்கரையிலிருந்து கொச்சிக்குக் குடிபெயர்ந்த மக்தூம் குடும்பத்தில், கொச்சங்காடியில் பிறந்தவர் மூத்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம். அவர் பிறகு பொன்னானிக்குச் சென்று அங்கே நிறுவிய ‘தர்ஸ்’ மலபார் முழுவதற்கும் மார்க்கக் கல்வியின் மையமானது. கொச்சங்காடி யூதர்களுக்கும் பழைய இடம். அங்கே நின்ற ஜெப ஆலயத்தின் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு இப்போது மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலய வளாகத்தில் இருக்கிறது. வேதம் வாசிக்கத் தெரிந்திருப்பது வழிபாட்டின் ஒரு பகுதியாக இருந்த சமூகம் தன் ஆண்பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்துக் கற்பிக்காமல் இருந்திருக்க முடியாது.

இந்தத் தரப்புக்கு நவீன ஆய்வுலகில் பெரும் வலுச் சேர்த்தவர் தரம்பால். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ உத்தரவிட்ட கணக்கெடுப்பைத் தொகுத்து, 1983இல் அவர் வெளியிட்ட நூல் ஆங்கில ஆட்சிக்கு முந்தைய கல்வி குறித்த பார்வையையே அசைத்தது. (கொச்சி ரெசிடென்டாக இருந்த ஜான் மன்றோ வேறு, இவர் வேறு. இருவரையும் ஒருவராக்கிக் குழப்பும் கட்டுரைகள் உண்டு.) தாமஸ் மன்றோவின் 1826ஆம் ஆண்டுக் குறிப்பின்படி மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். மலபார் மாவட்டத்தில் மட்டும் 759 பள்ளிகள். அங்கே முஸ்லிம் மாணவர்களில் ஆண்கள் 3,196 பேர், பெண்கள் 1,122 பேர். மற்ற மாவட்டங்களில் பள்ளி செல்லும் பெண் குழந்தையே அரிது என்ற நிலையில் இந்த விகிதம் வியப்பூட்டுகிறது. குர்ஆன் ஓதக் கற்பித்த ஓத்துப்பள்ளிகளில் சிறுமிகளும் ஓதியதே இதற்குக் காரணமாக இருக்கலாம்.

தரம்பாலின் முடிவுகளுக்கு எதிராக எழுந்த வாதங்களும் வலுவானவையே. பள்ளி என்று ஆட்சியர்கள் எதை எண்ணினார்கள் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது. ஓரிரு ஆண்டு மட்டும் நடந்து மறைந்த பள்ளிகளும் கணக்கில் வருகின்றன. ‘சூத்திரர்’, ‘பிற சாதியார்’ என்ற பெரும் தொகுப்புகளுக்குள் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது விளங்குவதில்லை. புலையர், பறையர் குழந்தைகளுக்கு ஆசான் திண்ணையில் இடம் இருந்தது என்று அந்த எண்களைக் காட்டி நிறுவ முடியாது.

மட்டாஞ்சேரிக்கு இந்த எண்களைப் பொருத்துவதில் இன்னொரு தடை இருக்கிறது. கணக்கெடுப்பு சென்னை மாகாணத்துக்கு உரியது. மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கொச்சி அதன் வரம்புக்குள் வரும். சமஸ்தானத்து மட்டாஞ்சேரி வராது. அரை மணி நேர நடைத் தொலைவில் இருந்த எல்லை, ஒரு பக்கத்து ஆசான்களை எண்ணிக்கைக்குள் கொண்டுவந்து மறு பக்கத்தவரை விட்டுவிட்டது.

அறுபடாத கோடு: 1845

அரசுப் பள்ளியை முன்னிறுத்துவோரின் வாதம் தொடர்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. 1830களில் மட்டாஞ்சேரி, திருச்சூர், திருப்பூணித்துறை ஆகிய இடங்களில் தொடக்கநிலை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அரசு ஆதரவு கிடைத்தது. 1845இல் திவான் சங்கர வாரியர் காலத்தில் எர்ணாகுளத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. அது 1875இல் கல்லூரியாகி, 1925இல் மகாராஜாஸ் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. இன்றும் அதே ஊரில் நடக்கிறது, ஆவணங்களும் நன்றாக இருக்கின்றன.

உறுதியான வாதம்தான். ஆனால் பிழைத்திருப்பதை மட்டும் தொடக்கமாகக் கொண்டால், தலைநகரத்துப் பெரிய கல்லூரிக்கு முன்னோட்டமாக மட்டுமே மட்டாஞ்சேரி சுருங்கிப்போகும். சமஸ்தான நிர்வாகம் காயலுக்கு அக்கரையில் எர்ணாகுளத்தை நோக்கி நகர்ந்தபோது கல்வியின் மையமும் கூடவே நகர்ந்தது. மட்டாஞ்சேரியின் பின்தங்கல் அங்கிருந்தே தொடங்கியது எனச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

சமூகங்கள் நடத்திய பள்ளிகள்

அரசின் கண் அக்கரைக்குத் திரும்பியபோது மட்டாஞ்சேரியின் வணிகச் சமூகங்கள் தாங்களே பள்ளி நடத்தின. கொங்கணியரின் திருமலை தேவஸ்வம் நடத்தும் டி.டி. உயர்நிலைப் பள்ளி, குஜராத்திகளின் வித்யாலயம், கச்சி மேமன் வணிகர் பெயரால் நிற்கும் ஹாஜி ஈசா ஹாஜி மூசா நினைவுப் பள்ளி ஆகியவற்றைச் சில தெருக்களுக்குள்ளேயே பார்த்துவிடலாம். மட்டாஞ்சேரியின் கல்வியை உருவாக்கியது மிஷனும் அல்ல, மன்னரும் அல்ல, கடைத்தெருதான் என்று வாதிடுவோருக்கு இவை சாட்சி.

யூதர்களின் கதை சற்று வேறு. கொச்சியில் பிறந்து 1818இல் கிறிஸ்தவரான மைக்கேல் சார்கன் என்ற யூதர், லண்டன் சங்கம் ஒன்றின் சார்பில் 1820களில் கொச்சி யூதப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார். மதமாற்ற நோக்கம் வெளிப்படையாக இருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள். எபிரேயமும் ஆங்கிலமும் ஒரே இடத்தில் கிடைத்தது அதற்கு ஒரு காரணமாகலாம். மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. பள்ளியை நடத்துபவரின் நோக்கமும் அங்கே படிக்க வருபவரின் நோக்கமும் ஒன்றாக இருந்தாக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்த ஊரில் இல்லை. மிஷன் பள்ளிகளை வரமாக மட்டுமோ சூழ்ச்சியாக மட்டுமோ காட்டும் எழுத்துகள் இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

பின்னாளில் மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலிருந்து வந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). பரதேசி ஜெப ஆலயத்தில் சம உரிமை மறுக்கப்பட்ட, அடிமை வழி வந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர். அந்தப் பிரிவிலிருந்து பட்டம் பெற்ற முதல்வராக அறியப்படும் அவர் வழக்கறிஞராகி, கொச்சி சட்டமன்றத்துக்கும் சென்றார், ஜெப ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகமும் செய்தார். சமூகப் பள்ளி எல்லோரையும் சமமாக அணைத்தது என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஒரு சமூகத்துக்குள்ளேயே பெஞ்சுகள் பிரிந்திருந்தன.

கதவு யாருக்குத் திறந்தது?

பல ஆண்டுகளாக ‘முதல்’ யார் என்று தேடிய ஆய்வு, கடந்த சில பத்தாண்டுகளில் வேறு கேள்விக்குத் திரும்பியிருக்கிறது. பள்ளி எப்போது திறந்தது என்பதைவிட, எந்தக் குழந்தைக்கு எப்போது திறந்தது என்பதே முக்கியம் என்கிறது இந்தப் பார்வை. மேலே சொன்ன எல்லாத் தரப்புகளையும் இது ஒருசேரக் கேள்வி கேட்கிறது.

கொச்சியில் இதன் மைய மனிதர் பண்டிட் கே.பி. கறுப்பன் (1885–1938). சேரானல்லூரில் மீனவ வாலர் சமூகத்தில் பிறந்து, சமஸ்கிருதம் கற்று, எர்ணாகுளத்தில் ஆசிரியரானவர். மேல்சாதிப் பெண்களுக்கான அரசுப் பள்ளியில் அவரை நியமித்தபோது பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு வந்ததை அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ‘சாதிப் பெண்கள் பள்ளி’ என்றே பெயர்வைத்து ஓர் அரசு பள்ளி நடத்தியது என்பதை இன்றைய வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1913இல் புலையர்கள் எர்ணாகுளம் நகரில் கூட்டம் கூட்ட இடம் கிடைக்காதபோது காயலில் தோணிகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் கூடினார்கள். கறுப்பன் அதற்குத் துணைநின்றார். நிலம் மறுக்கப்பட்டவர்கள் நீரில் கூடிய அந்தக் கூட்டத்திலிருந்து புலையர் மகாசபை உருவானது, கல்விச் சலுகைகளுக்கான கோரிக்கை வலுப்பெற்றது.

எர்ணாகுளத்துக்கு எதிரே முளவுகாடு தீவில் 1912இல் பிறந்த தாட்சாயணி வேலாயுதன் மகாராஜாஸ் கல்லூரியில் படித்து 1935இல் பட்டம் பெற்றார். வேதியியல் வகுப்பில் சோதனைகளைக் கிட்ட வந்து பார்க்க அவருக்கு அனுமதி இல்லை, தள்ளி நின்றே பார்த்தார். பிறகு அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற ஒரே தலித் பெண் உறுப்பினர் ஆனார். 1845இல் தொடங்கிய ‘அறுபடாத கோடு’ அவரை வந்தடைய ஏறக்குறைய 90 ஆண்டுகள் எடுத்தது. அவருடைய கண்ணில் கொச்சியின் கல்வி எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் 1512, 1818, 1845 மூன்றுமே பதிலாகாது.

இந்தப் பார்வையிலும் ஓர் ஆபத்து உண்டு. விலக்கப்பட்டவர்களின் வரலாற்றைப் பள்ளிக்குள் நுழைந்த நாளிலிருந்து மட்டும் எழுதினால், பள்ளிக்கு வெளியே அவர்கள் வைத்திருந்த அறிவு மறைந்துபோகும். இட்டி அச்சுதனின் குடும்பச் சுவடிகள் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் ஏறியவை அல்ல.

இன்னும் தீராதவை

இப்போதைக்கு இவ்வளவு சொல்லலாம். ‘கொச்சி சமஸ்தானத்தின் முதல் ஆங்கிலப் பள்ளி மட்டாஞ்சேரியில் 1818இல் தொடங்கியது’ என்ற கூற்று, அந்த வரையறைகளோடு நிற்கும். இன்றைய கொச்சி நகர எல்லைக்குள் பாடநூல் வைத்து நடந்து, ஆவணத்தில் இடம்பெற்ற மிகப் பழைய பள்ளி என்றால் 1512இன் கோட்டைப் பள்ளிக்கே முன்னுரிமை. பொதுப்பணத்தில் தாய்மொழிக் கல்வி என்றால் நஞ்சப்பய்யா காலத்து 33 பள்ளிகள். இவற்றில் ஒன்றை எடுத்து மற்றவற்றின் மேல் ‘முதல்’ என்ற பலகையை மாட்டுவதற்கு ஆதாரம் போதாது. எழுத்துப்பள்ளிகளுக்கு ஆண்டு குறிப்பது அநேகமாக இயலாத காரியம், அதனால் அவை இல்லை என்று ஆகிவிடாது.

அதிகம் துழாவப்படாத பகுதி டச்சுக் காலம்தான். 1663க்கும் 1795க்கும் இடையே 132 ஆண்டுகள். முதல் பள்ளி விவாதத்தில் கலந்துகொண்ட பெரும்பாலோர் போர்த்துகீசியரிலிருந்து நேரே ஆங்கிலேயருக்குத் தாவிவிடுகிறார்கள். டச்சுக் கொச்சியின் ஆவணத் தொகுதிகளில் பெரும்பங்கு சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. டச்சு மொழி படிக்கத் தெரிந்த தமிழ், மலையாள ஆய்வாளர்கள் மிகக் குறைவு. கொச்சியின் கல்வி வரலாற்றில் உள்ள பெரிய இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு சென்னையில் காத்திருக்கிறது என்பதைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் கவனிப்பது நல்லது.

1818இன் பள்ளியைப் பொறுத்தவரை இனிக் கேட்க வேண்டியது தேதி பற்றி அல்ல. சமஸ்தான நிர்வாகக் கோப்புகளிலும் மிஷன் கடிதங்களிலும் தேட வேண்டியது மாணவர் பெயர்ப் பட்டியலை. கொங்கணிப் பிள்ளையும் யூதப் பிள்ளையும் ஒரே அறையில் அமர்ந்தார்களா, சிறுமி ஒருத்தியாவது சேர்ந்தாளா, கடைத்தெருவில் மூட்டை சுமந்தவர்களின் பிள்ளைகள் வாசல்வரையாவது வந்தார்களா என்பதற்கெல்லாம் விடை அந்தப் பட்டியலில்தான் இருக்க முடியும்.